ஒரு சாண் தூரம்

விடியற்காலையில் புல்வெளியில் இறங்கி நடக்கிறோம். பாதம் நனைகிறது, பனி என்கிறோம். கீழ்வானம் வெளுத்து முதல் கதிர் சாய்வாக விழும்போது ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு விளக்கு எரிகிறது, அழகு என்கிறோம். இரண்டடி தள்ளிச் சாணம் கிடக்கிறது. மூக்கைச் சுளித்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறோம். நின்று வியந்த அந்தத் துளிக்கும் விலகி நடந்த இந்தச் சாணத்துக்கும் நடுவே, நம் காலடியிலேயே, ஓசையில்லாமல் ஒரு பெரும் யாத்திரை நடந்துகொண்டிருப்பதை நாம் அறிவதே இல்லை.

மாடும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். பசி முற்றினாலொழிய, சாணம் விழுந்த இடத்தை ஒட்டி அது வாய் வைக்காது. மாடுகள் மேய்ந்து முடித்த புல்வெளியைப் பார்த்தால் தெரியும். எங்கும் ஒட்ட நறுக்கியதுபோல் இருக்க, பழைய சாணத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் புல் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நிற்கும்.

அந்த ஒரு சாணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கால்நடையின் உடலுக்குள் வாழும் புழுவின் முட்டையோ குஞ்சோ சாணத்தோடு வெளியே வந்து விழுகிறது. அது மறுபடியும் ஓர் ஆட்டின் வாய்க்கோ மாட்டின் வாய்க்கோ போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வம்சம் அங்கேயே முடிந்தது. அதற்குக் கால் இல்லை, கண் இல்லை, இறகு இல்லை. சேர வேண்டிய வாயோ, அந்த இடத்தை வெறுத்து விலகிப் போகிற வாய். இந்தச் சின்னஞ்சிறு இடைவெளியைக் கடக்கப் படைப்பு என்னென்ன வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பலர் வாழ்நாளெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புழு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் சுளித்தவன்தான். ஆனால் மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் கடந்து வந்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே புழுவுக்கும் ஓர் இடம் வைத்தார். அவர் ஒதுக்காததை நாம் ஒதுக்க என்ன இருக்கிறது?

ஆட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. நான்காவது அறையில், செரிமான அமிலம் சுரந்துகொண்டே இருக்கும் அந்த இருட்டில், ஒரு புழு வாழ்கிறது. ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ் என்பது அறிவியல் பெயர். 1803-இல் ருடால்ஃபி என்ற அறிஞர் விவரித்து வைத்தார். பெண் புழு ஓர் அங்குல நீளம். குடித்த ரத்தத்தால் சிவந்த குடல் ஒரு நூல். அதைச் சுற்றிச் சுற்றி வளைந்தோடும் வெள்ளைக் கருப்பை இன்னொரு நூல். கோயில் மதிலின் செங்காவிப் பட்டையையும் வெள்ளைப் பட்டையையும் யாரோ நூலாக நூற்று ஒன்றோடொன்று முறுக்கி வைத்தாற்போல் இருக்கும். நாளொன்றுக்கு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் முட்டைகள் வரை இடுகிறது. அது குடிக்கும் ரத்தம் 0.05 மில்லிலிட்டர்தான், ஏறக்குறைய ஒரு சொட்டு. ஆனால் ஒரே வயிற்றில் ஐயாயிரம் புழுக்கள் கூடிவிட்டால் நாளுக்கு 250 மில்லிலிட்டர். ஒரு பெரிய டம்ளர் நிறைய ரத்தம். ஆடு வெளுக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது. மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்கி, பச்சைப் புல்லின் நடுவிலேயே படுத்துவிடுகிறது. வியப்பு என்ற பட்டுத் துணியைப் போர்த்தி இந்த வேதனையை மறைக்க எனக்கு மனமில்லை. ஒரே இடத்தில் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

புழுக்கையோடு வெளியே விழுந்த முட்டை, சூடும் ஈரமும் வாய்த்தால் ஓரிரு நாளில் பொரிகிறது. உள்ளிருந்து வரும் குஞ்சு அங்கேயே கிடைக்கும் பாக்டீரியாக்களைத் தின்று வளர்கிறது. ஒருமுறை சட்டை உரிக்கிறது. இரண்டாம் முறை உரிக்க வேண்டிய நேரம் வரும்போது விந்தையான காரியம் ஒன்றைச் செய்கிறது. பழைய சட்டையைக் கழற்றிப் போடாமல் அப்படியே மேலே போர்த்திக்கொள்கிறது. தலையிலிருந்து வால் வரை மூடிய உறை. வாயும் அதற்குள்ளே அடைபட்டுவிட்டது. இனி அது எதையும் உண்ண முடியாது. குடலின் செல்களில் சேர்த்து வைத்த கொழுப்புதான் கட்டுச்சோறு. அந்தக் கட்டுச்சோற்றோடும் உண்ணா நோன்போடும் முக்கால் மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த உயிர் புறப்படுகிறது.

எதில் ஏறிப் போகிறது? பனியில்தான். நாம் நின்று வியந்த அதே பனி. புல்லின் தண்டின்மேல் மெல்லிய ஏடாக நீர் படியும்போது, அந்த ஏட்டுக்குள் நெளிந்து நெளிந்து மேலேறுகிறது. ஒரு சாண் என்பது அதன் உடம்பைப் போல முந்நூறு மடங்கு; அதில் ஒரு பகுதி செங்குத்து ஏற்றம். தரையிலிருந்து சில அங்குல உயரம் ஏறினாலே அதற்குப் போதும், ஆட்டின் உதடு எட்டும் இடம் அது. அங்கே காத்திருக்கிறது. வெயில் ஏறினால் அதன் நெளிதல் கூடும், கட்டுச்சோறு சீக்கிரம் தீரும். குளிர்ந்திருந்தால் அசைவடங்கி மாதக்கணக்கில் கிடக்கும். நம் ஊர் ஆட்டுக்காரர்கள் பனி காயும் முன் பட்டியைத் திறப்பதில்லை. நுண்ணோக்கி எதையும் அவர்கள் கேட்டதில்லை. பனிப்புல் மேய்ந்த ஆடு நோஞ்சானாகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஆட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

புல்லோடு சேர்ந்து ஆட்டின் முதல் வயிற்றுக்குள் போனதும் நடப்பதைச் சொல்லும்போது என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. அந்த அறையின் வெதுவெதுப்பும் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் உறைக்குள் அடைபட்ட புழுவுக்குச் சேதி சொல்கின்றன. புழு தன்னிடமிருந்தே ஒரு திரவத்தைச் சுரக்கிறது. தலைப்பக்கத்தில் உறையின் ஓரிடம் வளையம் போட்டாற்போல் இளகுகிறது, மூடி கழல்கிறது, புழு வெளியே வருகிறது. புல்லின்மேல் கிடந்த அத்தனை நாளும் எந்த வெயிலுக்கும் எந்த மழைக்கும் திறக்காத கதவு அது.

இடத்தை மட்டும் அறிந்தால் போதாதே, காலத்தையும் அறிய வேண்டுமே? அதையும் அறிந்திருக்கிறது. வெளியே கடும் வறட்சியோ கடுங்குளிரோ வரப்போகும் பருவத்தில் வயிற்றுக்குள் நுழைந்த புழுக்கள், முழு வளர்ச்சி அடையாமல் இரைப்பையின் உட்சுவருக்குள் புதைந்து உறங்கத் தொடங்குகின்றன. அப்போது முட்டையிட்டு என்ன பயன்? வெளியே விழுந்தால் காய்ந்துபோகும். மாதங்கள் கழித்துப் பருவம் திரும்பும்போது விழிக்கின்றன. தாய் ஆடு குட்டி ஈனும் நாட்களில் அதன் உடலின் காவல் சற்றே தளர்கிறது. கருவுக்கும் பாலுக்கும் தன்னைத் தந்துவிட்ட உடம்பு, வேறு எதற்கும் கை நீட்ட முடியாத நாட்கள் அவை. சரியாக அந்த நாட்களில் சாணத்தில் புழு முட்டைகள் பெருகுகின்றன. தள்ளாடி எழுந்து பால் குடித்த குட்டி, சில வாரங்களில் முதல் புல்லைக் கடிக்கும்போது, அதற்காக அங்கே புழுக்குஞ்சுகள் முன்பே காத்திருக்கின்றன.

இதில் கொடுமையைக் காண்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

கன்றுகளின் மூச்சுக்குழாயில் வாழும் நுரையீரல் புழுவின் கதை வேறு. டிக்டியோகாலஸ் விவிபாரஸ் என்று பெயர். கன்று இருமும்போது குஞ்சுகள் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, சாணத்தோடு வெளியேறுகின்றன. வெளியே வந்த குஞ்சோ மகா சோம்பேறி. அது எதையும் தின்பதில்லை. பெரிதாக நகர்வதும் இல்லை. பனியில் ஏறும் திறமெல்லாம் அதனிடம் கிடையாது. பிறகு எப்படிப் புல்வெளி முழுக்கப் பரவுகிறது? 1962-இல் ராபின்சன் என்ற ஆய்வாளர் அதற்கு ஒரு விடையை எழுதியபோது, படித்தவர்கள் இன்னொரு முறை படித்திருப்பார்கள்.

அதே சாணத்தில் பைலோபோலஸ் என்றொரு பூஞ்சை முளைக்கிறது. கண்ணாடி போன்ற தண்டு. தண்டின் தலையில் நீர் கோத்த ஒரு குமிழ். குமிழின் உச்சியில் கறுப்புத் தொப்பியாக வித்துக்களின் பொதி. இதற்கும் புழுவுக்கு இருக்கும் அதே சங்கடம்தான். மாட்டின் குடல் வழியாகப் போய்ச் சாணத்தில் விழுந்தால்தான் அதன் வித்து முளைக்கும். மாடோ சாணத்தருகே மேயாது. ஆகவே பூஞ்சை தன் வித்தை எறியக் கற்றிருக்கிறது. குமிழ் ஒரு கண்ணாடி வில்லையாக வேலை செய்து காலை வெளிச்சத்தைத் திரட்ட, தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. குமிழுக்குள் நீரின் அழுத்தம் ஏறுகிறது. கார் சக்கரத்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு ஒரு கணத்தில் வெடிக்கிறது. தொப்பி பறக்கிறது, புவியீர்ப்பு ஒரு பொருளுக்குத் தரும் முடுக்கத்தைப் போல இருபதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட முடுக்கம், ஆறடி ஏழடி தள்ளிப் புல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. விரல் நகத்தளவு கூட இல்லாத ஒரு பீரங்கி, கிழக்கைக் குறிபார்த்து, தினம் விடியலில்.

ராபின்சன் கண்டது இதுதான்: சோம்பேறிப் புழுக்குஞ்சுகள் அந்தக் கண்ணாடித் தண்டில் ஏறி, வித்துப் பொதியின்மேல் சுருண்டு படுத்திருந்தன. பீரங்கி வெடிக்கும்போது அவையும் பறந்தன. குஞ்சு தொற்றும் பருவத்தை எட்ட ஒரு வாரம் போல ஆகிறது. பூஞ்சையும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் தலையெடுக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு உயிர்கள் ஒரே பயணச்சீட்டில் போகின்றன. கோடிக்கணக்கான மாடுகள் மேயும் இந்தப் பூமியில், நாம் காபி ஆற்றிக் குடிக்கும் நேரத்தில், எத்தனை சாணக் குவியல்களிலிருந்து எத்தனை தொப்பிகள் பறக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சத்தமும் நம் காதில் விழுவதில்லை.

இந்தப் புழுவால் இருமி இருமிச் சாகும் கன்றுகளைக் காக்க 1950-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு குழு முனைந்தது. வில்லியம் ஜாரட், ஜென்னிங்ஸ், அர்குஹார்ட் முதலானோர். ஒருமுறை நோய்ப்பட்டுப் பிழைத்த கன்றுக்கு மறுபடி அந்த நோய் எளிதில் வருவதில்லை என்பது அவர்களுக்குப் பிடி கொடுத்தது. புழுக்குஞ்சுகள்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். குஞ்சு சாகவில்லை; முழுதாக வளரும் வலுவை மட்டும் இழந்தது. அப்படிப்பட்ட ஆயிரம் குஞ்சுகளைக் கன்றுக்கு வாய்வழியே புகட்டினார்கள். நான்கு வாரம் கழித்து இன்னோர் ஆயிரம். அவை வழக்கமான பாதையில் நுரையீரலை நோக்கிப் புறப்பட்டன. வழியெல்லாம் கன்றின் உடலுக்குத் தங்களை அடையாளம் காட்டின. பருவமடையும் முன் மாண்டன. 1959-இல் அது விற்பனைக்கு வந்தது. ஒட்டுண்ணிப் புழுவுக்கு எதிராகக் கடைக்கு வந்த முதல் தடுப்பு மருந்து அதுதான். புழுவைக் கொண்டே புழுவுக்குக் காவல் வைத்த அந்த மருந்து பிரிட்டனில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஈரலில் வாழும் ஒரு சின்னத் தட்டைப்புழு, டிக்ரோசீலியம், தன் ஒரு சாணைக் கடக்க இரண்டு உயிர்களைத் துணைக்கு அழைக்கிறது. முதலில் தரையில் ஊரும் நத்தை அதன் முட்டையைத் தின்கிறது. நத்தை உமிழும் சளி உருண்டைகளில் குஞ்சுகள் வெளியே வருகின்றன. அந்த உருண்டையை எறும்பு தின்கிறது. கதையில் எறும்பு இருக்கிறது என்பதே 1950-களின் தொடக்கத்தில்தான், அமெரிக்காவில் கிரல், மேப்ஸ் என்ற இருவரின் உழைப்பால் உறுதிப்பட்டது. எறும்பின் வயிற்றுக்குள் போன குஞ்சுகள் அநேகமாக எல்லாம் அங்கேயே கூடு கட்டித் தங்க, ஒன்று மட்டும் தலைக்குப் போகிறது. போய் மூளையின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. அதன் பின் மாலையில் குளிர் இறங்கும்போது எறும்பு தன் கூட்டத்தோடு புற்றுக்குத் திரும்பாது. ஒரு புல்லின் உச்சிக்கு ஏறி, அதைப் பற்களால் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் ரோஸ்கில்டே ஊரை அடுத்த காட்டில் நூற்றுக்கணக்கான எறும்புகளின் முதுகில் நிறமும் எண்ணும் ஒட்டி அடையாளமிட்டு (அந்தப் பொறுமையை நினைத்துப் பாருங்கள்!) நாள்தோறும் பார்த்தார்கள். 2023-இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த வேளையில் கவ்விய எறும்பு, வெயில் ஏறியதும் பிடியை விட்டு இறங்கி, ஒன்றும் நடவாததுபோல் தன் வேலையைப் பார்க்கப் போகிறது. உச்சி வெயிலில் புல் நுனியில் நின்றால் எறும்பு வெந்து செத்துவிடும். எறும்பு செத்தால் புழுவும் போச்சு. ஆகவே காலையும் மாலையும் மட்டும், கால்நடைகள் மேயும் குளிர்ந்த பொழுதுகளில். தலைக்குப் போன அந்த ஒற்றைக் குஞ்சு ஆட்டின் ஈரலில் வளர்வதில்லை. வயிற்றில் இருப்பவைதான் வளரும். தியாகம் என்ற சொல் நாக்கு நுனி வரை வருகிறது. புழுவுக்கு அதைச் சொல்லலாமா என்று தெரியாமல் விழுங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு நுட்பத்துக்கு எதிரே மனிதன் என்ன செய்தான்? மருந்து செய்தான். அதுவும் மண்ணிலிருந்துதான் வந்தது. 1970-களில் ஜப்பானின் கவானா என்ற இடத்தில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் சதோஷி ஓமுரா ஒரு நுண்ணுயிரியைக் கண்டெடுத்தார். அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதன் சாற்றைப் புழுக்கள்மேல் சோதித்தார். பிறந்தது ஐவர்மெக்டின். 1981-இல் கால்நடைகளுக்கு வந்தது. பின்னால் ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் புழுவால் பார்வை இழந்துகொண்டிருந்த மனிதர்களுக்கும் போனது. 2015-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பிடி மண்ணில் இத்தனை பேரின் கண் இருந்திருக்கிறது.

ஆனால் பண்ணைகளில் நடந்தது வேறு. மந்தை முழுவதற்கும், ஆண்டுக்குப் பலமுறை, மருந்து புகட்டினார்கள். புகட்டிய கையோடு புழுவே இல்லாத புதுப் புல்வெளிக்கு ஓட்டினார்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்ற எண்ணம். மிஞ்சியவை எவை? மருந்துக்குச் சாகாதவை மட்டுமே. புதுப் புல்வெளியில் அவற்றின் முட்டை மட்டும் விழுந்தது. அவற்றின் பிள்ளைகள் மட்டும் பனியில் ஏறின. 1961-இல் வந்த தயபெண்டசோலுக்கும் இதே கதிதான், ஐவர்மெக்டினுக்கும் இதே கதிதான். தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகளில் எந்த மருந்தும் பிடிக்காத நிலை வந்தது.

அங்கேதான் ஒரு மாற்று யோசனையும் பிறந்தது. ஃபாஃபா மலான், கேரத் பாத், யான் ஃபான் வைக் ஆகியோர் அதை வளர்த்தார்கள். மந்தையில் எல்லா ஆட்டிடமும் புழு சமமாக இருப்பதில்லை. பெரும்பாலான புழுக்களைச் சில ஆடுகளே சுமக்கின்றன. மற்றவை கொஞ்சம் புழுவோடு குடும்பம் நடத்தக் கற்றவை. ஆகவே ஆட்டின் கீழ் இமையை விரலால் இறக்கி, உட்புறத்தின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார். செக்கச் சிவப்பிலிருந்து வெளிறிய வெள்ளை வரை ஐந்து படிகள். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடு. சிவந்த இமையுள்ளதை விட்டுவிடு. அதன் வயிற்றில் மருந்தைக் காணாத புழுக்கள் இருக்கட்டும். அவற்றின் பிள்ளைகள் புல்வெளியில் பெருகி, மருந்தை வெல்லும் புழுக்களோடு கலந்து, அந்த வலுவை நீர்த்துப்போகச் செய்யட்டும். மருந்து மருந்தாக நீடிக்க வேண்டுமானால் மருந்து படாத புழு கொஞ்சம் உலகில் இருக்க வேண்டும். கணக்கு நேராகத்தான் வருகிறது, ஆனாலும் முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்று நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களும் முதலில் இறக்கிப் பார்ப்பது அந்த இமையைத்தான்.

மனிதன் கையே வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். 1930-இல் அங்கிருந்த மனிதர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். அருகிலுள்ள சோவே தீவிலிருந்து 1932-இல் ஹிர்ட்டா தீவுக்குக் கொண்டுவந்து விட்ட ஆடுகள் மேய்ப்பனும் மருந்தும் இல்லாமல் இன்றும் வாழ்கின்றன. 1985 முதல் ஆய்வாளர்கள் ஒவ்வோர் ஆட்டையும் அடையாளம் வைத்துப் பின்தொடர்கிறார்கள். அவற்றின் ரத்தத்தைச் சோதித்து 2010-இல் ஒன்றைச் சொன்னார்கள். நோயெதிர்ப்பு ஆற்றல் மிகுந்த ஆடுகள் கொடிய குளிர்காலங்களில் அதிகம் பிழைத்தன. ஆனால் அவை ஈன்ற குட்டிகள் குறைவு. எதிர்ப்பு குறைந்தவை சீக்கிரம் மாண்டன. ஆனால் நிறைய ஈன்றன. கடற்காற்று அறையும் அந்தப் பாறைத் தீவில் தராசின் இரண்டு தட்டும் மாறி மாறித் தாழ்கின்றன. எந்தத் தட்டும் ஒரேயடியாக இறங்கி நிற்பதில்லை.

இங்கே, மார்கழி முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பட்டி. ஆடுகள் விழித்துவிட்டன, குட்டிகள் தாயின் மடியை முட்டுகின்றன, கிடாய் ஒன்று படலில் கொம்பை உரசுகிறது. ஆட்டுக்காரர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "பனி காயட்டுங்க" என்கிறார். எதிரே தரிசில் புல் நரைத்துக் கிடக்கிறது. சூரியன் பனைமரங்களின் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. புல் நுனிகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றன. படலின் கயிற்றில் அவர் இன்னும் கை வைக்கவில்லை.